அளவு பார்த்த பாவாடை

தையில் எடுத்து வைத்த பாவாடையின் விளிம்பில் செம்மண் ஒட்டியிருந்தது.

யாரும் உடுத்தாத பாவாடை அது. நாகஜோதி அதை விரித்து ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டு போனாள். மஞ்சள் துணியில் அரைச்சாண் உயரத்துக்கு மண், மடிப்புகளில் விளையாடிவிட்டு வந்த பிள்ளையின் வியர்வை வாடை, கூட இருந்த சட்டையின் அக்குளில் வெளிறிய வட்டம். எலி இழுத்துப் போட்டிருக்கும் என்று மனசைத் தேற்றிப் பார்த்தாள். எலிக்கு வேர்க்குமா என்று அதே மனசு திருப்பிக் கேட்டது.

காமயகவுண்டன்பட்டியில் அந்த வீட்டுக்கு நூறு வயது தாண்டிவிட்டது. ஓட்டைப் பிரித்து, உளுத்த உத்திரங்களை மாற்றி, பழைய முகம் கெடாமல் புதுப்பிக்க ஏற்பாடு. வரைபடம் போய் நாற்பது நாள் ஆகியும் அனுமதி வந்தபாடில்லை. அது வரும்வரை ஓர் ஓட்டைக்கூடத் தொடக் கூடாது, வந்துவிட்டால் ஒருநாள் தாமதிக்கக் கூடாது. அதனால் அவள் ஒவ்வோர் அறையாக ஒழித்துக்கொண்டிருந்தாள். சாமான்கள் போகப் போக வீட்டுக்குக் காது கூர்மையாகிவிட்டது போலிருந்தது. கூடத்தில் தும்மினால் அடுப்படிச் சுவர் பதில் சொன்னது.

இன்று கன்னிப் பெட்டியை இறக்கினாள். கணவன் முத்துக்குமரனின் தாத்தாவோடு பிறந்த பஞ்சம்மாள் என்ற சிறுமி, இந்த வீட்டின் நடு உள் அறையில்தான் காய்ச்சல் கண்டு செத்துப் போனாள். கல்யாணமாகாமல் போன பிள்ளை வீட்டுக்குத் தெய்வம். தை பிறந்தால் அவளுக்குப் புதுப் பாவாடை சட்டையும் வளையலும் எடுத்து, ஓலைப்பெட்டியில் வைத்து, நடு உள் உத்திரத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். அந்தத் துணியை உயிரோடு இருக்கும் பிள்ளையின் மேல் வைத்துக்கூடப் பார்க்கக் கூடாது.

மாமியார் இருந்தவரை எல்லாம் அவர் பொறுப்பு. அவர் போன பிறகு வந்த முதல் தையில் நாகஜோதியே கம்பத்தில் துணி எடுத்துத் தைக்கக் கொடுத்தாள். தைத்து வந்தது பெரிதாகத் தெரிந்தது. எட்டு வயது மகள் மாரீஸ்வரி பக்கத்தில்தான் நின்றாள். ஒரே நிமிஷம், அவளுக்குப் போட்டுப் பார்த்துக் கழற்றிவிட்டாள். சாமிக்குக் கொடுப்பதை அளவு பொருந்தாமல் கொடுப்பானேன் என்ற நல்ல எண்ணம்தான். ஆனாலும் அந்த ஒரு நிமிஷத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

வெளியே மலைப்பக்கமிருந்து இறங்கிய மழை ஓட்டில் தடதடத்தது. மணி நாலுகூட ஆகவில்லை, அதற்குள் வீடு இருட்டிக்கொண்டு வந்தது. மழைக்குப் பள்ளிக்கூடம் விடுமுறை. மாரீஸ்வரி நடு உள்ளில் கட்டி வைத்த பாத்திரங்களை அவிழ்த்துப் போட்டு விளையாடுவது கேட்டது. தனியாகப் பேசிக்கொள்வாள். பேசுவாள், நிறுத்துவாள், பிறகு சிரிப்பாள். நிறுத்தும் நேரம் இன்று கொஞ்சம் நீளமாக இருந்தது.

செல்போன் அடித்தது. வரைபடம் போட்ட எஞ்சினியர் லிங்கேஸ்வரன்.

"அக்கா, நம்ம விண்ணப்பத்தத் திருப்பிட்டாக. பெரிய விசயமில்ல. நடு உள் போட்டோவுல பாப்பா நிக்கிது. ஆள் இல்லாம வேணுமாம். வெளிச்சம் வந்ததும் ஒண்ணு எடுத்து அனுப்புங்க."

"பாப்பாவா? நீங்க அன்னைக்குச் செவ்வாக்கெழம மத்தியானம்ல தம்பி எடுத்தீக. அவ பள்ளிக்கூடத்துல இருந்தாளே."

"மஞ்சப் பாவாட கட்டி அங்கன நிக்கிதேக்கா. அனுப்புறேன், நீங்களே பாருங்க."

மழைக்கு சிக்னல் நொண்டியது. படம் முதலில் கலங்கலாகத்தான் வந்தது. சுவர், தூண், நடுவில் ஒரு மஞ்சள் தீற்றல். தெளியக் கூடாது என்று அவள் வேண்டிக்கொண்டாள். தெளிந்தது.

ரெட்டைச் சடை போட்ட சிறுமி. கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்றாள். படத்தின் ஓரத்தில் அளவு நாடாவின் முனையைப் பிடித்தபடி நாகஜோதியின் விரல்கள். அன்று அவளும் அந்த அறையில்தான் நின்றிருந்தாள், கை நீட்டினால் தொடும் தூரத்தில். சிறுமியின் முகம் அவளை அண்ணாந்து பார்த்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம் பார்த்ததோ.

ஏலக்காய்த் தோட்டத்தில் இருந்த முத்துக்குமரனுக்குப் போன் போட்டு, ஒளித்து வைத்த அந்த நிமிஷத்தை அழுதுகொண்டே கொட்டினாள்.

"பிள்ளைக்குப் போட்டுப் பாத்தியா? அட பாவி..." அவன் குரல் உடைந்தது. "அவளுக்கு எடுத்தத இவ உடுத்திட்டா, இவ எடத்துக்கு அவ வந்துருவான்னு அம்மா படிச்சுப் படிச்சுச் சொல்லுமே. பெட்டியத் தொடாத. பேசிக்கிட்டு நிக்காத. பிள்ளையத் தூக்கிட்டு பண்ணைப்புரத்துக்கு, ஒங்க அண்ணன் வீட்டுக்குப் போயிரு. நான் வாரேன்."

கரண்ட் போனது.

நடு உள்ளில் பேச்சு நின்றிருந்தது. பாத்திரச் சத்தமும் இல்லை. மழை மட்டும். அவள் சுவரைத் தடவிக்கொண்டே போனாள். ஒழித்த அறை. ஈரச் சுண்ணாம்பு வாடை.

"மாரி."

மழை இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை.

"ஏய் மாரி, வாத்தா. மாமா வீட்டுக்குப் போவோம்."

இருட்டில் சின்னக் காலடி. அவளை நோக்கி. ஒரு கை சேலையைப் பிடித்தது. அவள் வாரி எடுத்தாள். தோளில் கிடந்த துண்டைத் தலையோடு போர்த்தினாள். பிள்ளை கழுத்தைக் கட்டிக்கொண்டது.

கதவைப் பூட்டவில்லை. எதிர்வீட்டு வாசலில் மழையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பிச்சைமணியிடம் கத்தினாள். "அண்ணே, கதவு தெறந்து கெடக்கு, பூட்டி வைங்க." ஓடினாள். புறப்படப் போன டவுன் பஸ்ஸை மறித்து ஏறினாள்.

ஜன்னலோரம் உட்கார்ந்து பிள்ளையை மடியில் இருத்திக்கொண்ட பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. பாதி திறந்த கண்ணாடிக்கு வெளியே திராட்சைப் பந்தல்கள் நனைந்துகொண்டு பின்னால் போயின. தப்பித்தோம் என்று நினைத்தாள். பிள்ளை பயந்து போயிருக்கும், அதுதான் வாய் திறக்கவில்லை. துண்டுக்கு மேலாக முதுகைத் தட்டிக் கொடுத்தாள். மழையில் நனைந்த உடம்பு, சில்லென்றிருந்தது. எட்டு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் ஓடியும் இடுப்பு வலிக்கவில்லை.

போன் அடித்தது. பிச்சைமணி.

"என்னாத்தா, இப்பிடிப் பிள்ளைய விட்டுட்டுப் போயிட்ட?"

அவளுக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள விரும்பவில்லை.

"பூட்டலாம்னு வந்தேன். நடு உள்ள மூலையில நின்னு தேம்பிக்கிட்டு இருக்கு. ஒடம்பெல்லாம் நடுங்குது. இந்தா, பேசு."

போனில் மூச்சு வாங்கும் சத்தம். பிறகு மாரீஸ்வரி.

"அம்மா... நான் இங்கனதான நின்னேன். கூப்பிட்டேனே. நீ ஏம்மா அவளத் தூக்கிட்டுப் போன?"

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. மடியில் இருந்தது ஆடவில்லை. நாகஜோதியின் கை அதன் முதுகில் அப்படியே நின்றுவிட்டது. உள்ளங்கைக்குக் கீழே மூச்சு ஏறவில்லை. இறங்கவில்லை.

போனில் மகள் அழுதுகொண்டே இருந்தாள். துண்டுக்குள் இருந்த தலை மெல்ல, அந்த அழுகை வந்த பக்கம் திரும்பியது. கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு ஒரு சின்னக் கை வெளியே வந்து, போனை அவள் காதிலிருந்து எடுத்து, ஜன்னல் வழியே மழையில் போட்டுவிட்டு, மறுபடி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது.