ஏழாம் பெட்டியின் வெப்பம்

ஓடாத டேட்டாபேஸ் பதில் சொன்னதுதான் முதல் கோளாறு. கடையை இழுத்துப் பூட்டிவிட்டுத் திரும்பினால், உள்ளேயிருந்து ஒருவன் "என்ன வேணும்?" என்று கேட்பதுபோல.

அவன் பிணவறைகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பவன். எந்தக் குளிர்பெட்டியில் யார், எத்தனை டிகிரி, எங்கே அனுப்புவது எல்லாம் ஆஸ்பத்திரி சர்வரில் இருக்கும்; அதில் உள்ளபடிதான் பெட்டியும் குளிரும். சோதனை போட்டு விளையாட, அதன் நகல் அவன் லேப்டாப்பில். நகலுக்கும் சர்வருக்குப் போகும் வழிக்கும் ஒரே போர்ட் எண், லேப்டாப்பில் ஒரே வாசல்போல; ஒன்று ஓடும்போது மற்றது ஓடாது, சாமர்த்தியம் என்று நினைப்பு. வெள்ளிக்கிழமை லேப்டாப் அணைந்து எழுந்தபோது நகல் எழவில்லை. வழி எழுந்துவிட்டது. மூன்று நாளாக நகலில் தட்டியதாக நினைத்ததெல்லாம் நிஜத்தில் விழுந்திருக்கிறது.

தட்டியது என்ன? ஏழாம் பெட்டி. வெப்பம் முப்பத்தேழு. நிலை: அனுப்பியாயிற்று. முகவரிக்கு, சோதனைதானே என்று, தன் வீட்டு முகவரி.

ஏழில் இருப்பது அவன் மாமனார். நாளைக் காலை மச்சான் வெளிநாட்டிலிருந்து வந்து முகம் பார்க்க வேண்டும். "அப்பா முகம் கெடாம பாத்துக்கோங்க, உங்க பெட்டிதானே" என்று மனைவி அவனை நம்பித்தான் விட்டிருந்தாள்.

வெப்பத்தை நான்கு என்று மாற்றித் தட்டினான். ஏழாம் பெட்டியில் மாற்ற எதுவும் இல்லை என்றது சர்வர். அவசரமாகப் பிணவறைக் காவலாளியைக் கூப்பிட்டான்.

"அண்ணே, ஏழைத் திறந்து பாருங்க."

"அதுல என்ன சார் இருக்கு பாக்க? கம்ப்யூட்டர்ல அனுப்பியாச்சுன்னு இருக்கு, உள்ள காலி." காவலாளி எதையோ மென்றுகொண்டே பேசினார். "தட்டுல மஞ்சளா நிக்குது, கொழகொழன்னு. ஒரு பல்லும் கெடக்கு. கழுவ ஆள் வரல."

"யார் எடுத்துட்டுப் போனாங்க?"

"கையெழுத்தே இல்லையே. ஈரக் காலடி இருக்கு, வெளிய போறதுக்கு மட்டும். கோவிச்சுக்கிட்டுக் கெளம்பிட்டாரோ என்னவோ."

லேப்டாப்பில் சர்வருக்கான வழியை மூடினான். மூடிய பிறகுதான் மூக்கில் ஏறியது: மின்சாரம் போன வீட்டில் ஒரு வாரம் மூடிக் கிடந்த ஃபிரிட்ஜை யாரோ திறந்ததுபோல், இனிப்பும் அழுகலுமாய், நாக்கின் அடியில் எண்ணெயாகப் படிகிற நாற்றம். எச்சிலை விழுங்கப் பிடிக்கவில்லை. அறைக்கு வெளியே, வீட்டுக் கூடத்தில் ஏதோ தரையில் ஒட்டியது. பிய்ந்தது. மறுபடி ஒட்டியது.

நாற்காலி இழுபடும் சத்தம்.

"என்னங்க." மனைவியின் குரல். எத்தனையோ நாளுக்குப் பிறகு அதில் ஒரு சிரிப்பு. "அப்பா வந்திருக்காரு. உடம்பு நல்லா சூடா இருக்கு, தொட்டுப் பாருங்க."

எட்டிப் பார்த்தான்.

ஈக்கள். ஊதிய முதுகு. அவள் அருகில் உட்கார்ந்து அந்தக் கையைத் தடவிக்கொண்டிருந்தாள். மணிக்கட்டிலிருந்து விரல்நுனிவரை. தடவத் தடவ, தோல் ஈரக் கையுறையாய் முழுசாகக் கழன்று, நகங்களோடு அவள் உள்ளங்கையில் வந்து தங்கியது.

அவள் தடவுவதை நிறுத்தவில்லை.