திரும்பிய நேரம்

புயலுக்குப் பிறகு முத்தந்துறைக்கு வான்களத்தோடு தொடர்பு மீண்ட அன்று காலை, துறைமுக அலுவலகத்தில் சகாயராணி ஒருத்திதான் இருந்தாள். தொடர்புக் கோபுரம் சாய்ந்து கிடந்த நாள்களில் படகு போனது, வந்தது, ஐஸ் இறங்கியது, மீன் ஏறியது, ஆஸ்பத்திரியில் யாருக்கு என்ன மருந்து கொடுத்தது என்று எல்லாத் தரவும் அலுவலகத்து உள்ளூர்ப் பெட்டியிலேயே தங்கிவிட்டது. அதை ஒரே கோப்பாக்கி மேலே ஏற்ற வேண்டியது அவள் வேலை. பதவியின் பெயரே ஏற்றுநர்.

கோப்பு மேலே போகாமல் ஊரில் எதுவும் நடக்காது. வான்களத்துக்குத் தெரியாத படகுக்கு மின்னேற்றம் இல்லை, தெரியாத வீட்டுக்கு அரிசி இல்லை, தெரியாத நோயாளிக்கு மருந்து இல்லை. ஆயிரக்கணக்கான ஊர்களின் கோப்புகளை ஒன்றாகக் கொட்டிக் கலந்து, எங்கே என்ன தேவை என்பதை அந்த மாபெரும் கணினியே கண்டுபிடித்து அனுப்பியது. பெரும்பாலும் சரியாகவே அனுப்பியது. மனிதர்கள் கணக்குப் பார்த்த காலத்தை யாரும் திரும்ப விரும்பவில்லை.

சகாயராணி கோப்பை இழுத்து ஏற்றுப்பலகையில் போட்டாள். வான்களம் அதைப் பிரித்துப் பார்த்து, இது படகு எண், இது ஆள், இது புறப்பட்ட நேரம், இது திரும்பிய நேரம் என்று தானே அடையாளம் கண்டு முன்காட்சியை விரித்தது. அவள் கண் நேரே இரண்டு வரிசைகளில் போய் நின்றது. செபஸ்தியான். கஸ்பார். இருவரும் ஒரே படகில் போனவர்கள். செபஸ்தியான் அவள் கணவன். புயலுக்கு முன்பு புறப்பட்டவர்கள் இன்னும் வரவில்லை. அவர்களுடைய திரும்பிய நேரத்தில் அவள் எதையும் எழுதியிருக்கவில்லை.

முன்காட்சியில் அந்தக் கட்டங்கள் வெறுமையாக இல்லை. மற்றப் படகுகள் கரை சேர்ந்த அதே மாலை நேரம் வெளிறிய சாம்பல் எழுத்தில் அங்கே நிரம்பியிருந்தது.

அது நிரப்பியின் வேலை. பழுதான வெப்பமானி ஒரு மணி நேரம் எண் தராவிட்டால், முன்னும் பின்னும் பார்த்து இடைவெளியை நிரப்புவதற்காக எழுதப்பட்ட சிறிய கருவி அது. காலப்போக்கில் எல்லா இடைவெளிகளையும் அதனிடமே விட்டுவிட்டார்கள். அன்று திரும்பிய படகுகள் ஏராளம். திரும்பாததற்குச் சான்றாக ஒரு வரிசைகூடக் கோப்பில் இல்லை.

அவள் மாவட்ட அலுவலர் எட்வினைத் திரையில் அழைத்தாள்.

"சார், ரெண்டு கட்டத்த அதுவா நிரப்பிருக்கு. எங்க வீட்டுக்காரரு இன்னும் வரல சார்."

"தெரியும்மா. இப்போதைக்கு ஏத்திவிடுங்க. அப்புறமா திருத்தம் போட்டுக்கலாம்."

"அந்த எடத்த மட்டும் வெறுமையா விட முடியாதா?"

"வெற்றுக் கட்டம் இருந்தா கோப்பையே எடுக்காது. உங்க ஊர் ஆஸ்பத்திரில இன்சுலின் தீர்ந்துபோச்சுன்னு காலைலேருந்து கத்துறாங்க. அத யோசிச்சுப் பாருங்க."

யோசித்தாள். 'ஏற்று' என்பதை அழுத்தினாள். சாம்பல் எழுத்து கறுப்பானது.

சற்று நேரத்தில் ஜன்னல் வழியே அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தொடுவானத்தில் தேடிக்கொண்டிருந்த மீட்புக் கலங்கள் ஒன்றாகத் திரும்பின. தேடுவதற்கு இனி யாரும் இல்லை.

அன்றே திருத்தம் கேட்டு விண்ணப்பித்தாள். சான்றாக ஆளையோ உடலையோ காட்டும்படி பதில் வந்தது. இரண்டில் ஒன்று கையில் இருந்தால் அவள் ஏன் விண்ணப்பிக்கப் போகிறாள்? எட்வின் சாரிடம் மறுபடியும் மறுபடியும் பேசினாள். அவரும் மேலே எழுதினார். மேலே இருந்தவர்களும் வான்களத்தைத்தான் கேட்டார்கள்.

பிறகு செபஸ்தியான் வாழத் தொடங்கினான்.

முதலில் அவன் பங்கு அரிசி வந்தது. அடுத்து அவள் மணிக்கட்டில் கட்டியிருந்த கைத்திரையில், குடும்ப நலப் பக்கத்தில், அவன் பெயருக்குக் கீழே ஒரு பச்சைக் கோடு ஓடியது. நாடித்துடிப்பு. வீட்டு உணரிகளிலிருந்து அவனைப் பற்றி ஒன்றும் வராததால், அவன் வயதும் தொழிலும் உள்ள ஆயிரம் பேரைப் பார்த்து அந்த நிரப்பிக் கருவியே அதை வரைந்துகொண்டிருந்தது. நன்றாகத் தூங்கினான். காலையில் கடற்கரைப் பக்கம் நடந்தான். குடியை விட்டுவிட்டான் என்பதுபோல் ரத்த அழுத்தம் மெல்ல இறங்கியது.

பக்கத்து வீட்டுப் பிலோமி ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் கேட்டாள். "ஒன் மாப்பிள்ளைய நேத்து பாலத்துகிட்டப் பாத்தேனே. கூப்பிட்டும் திரும்பாமப் போறாவ. என்ன கோவமாம்?"

"யாரப் பாத்த?"

"செபஸ்தியத்தான்." பிலோமி தன் கைத்திரையை நீட்டினாள். நேற்று நீங்கள் கடந்து சென்றவர்கள் என்ற தலைப்பின் கீழ் அவன் பெயர் இருந்தது. "நான் நல்லாப் பாத்தேன், ராணி. நீலச் சட்ட போட்டிருந்தாவ."

சட்டையின் நிறம் கைத்திரையில் இல்லை. அதைப் பிலோமி தானாகவே சேர்த்திருந்தாள்.

சகாயராணி குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆனாலும் அவள் அந்தப் பச்சைக் கோட்டைப் பார்க்காமல் இருக்கப் பழகவில்லை. காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் பார்த்தாள். ஒருநாள் துடிப்பு ஏறியிருந்தபோது அடுப்பை அணைத்துவிட்டு, அது இறங்கும்வரை உட்கார்ந்திருந்தாள். பொய் என்று தெரிந்தே கவலைப்பட்டோம் என்பது பிற்பாடுதான் உறைத்தது.

மழைக்காலம் முடியும் தறுவாயில் கஸ்பார் வந்தான்.

நண்பகலில், உப்புப் பூத்த உடம்போடு, இடுப்பில் கிழிந்த வலைத்துணியைச் சுற்றிக்கொண்டு அலுவலக வாசலில் நின்றான். முதலில் தன் வீட்டுக்குத்தான் போயிருக்கிறான். "கஸ்பார் உள்ளே இருக்கிறார், நீங்கள் யார்?" என்று கதவு கேட்டிருக்கிறது. மனைவி வெளியே போயிருந்தாள்.

"யக்கா," என்றான். தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னான். "செபஸ்தி உசுரோட இருக்கான். காலு ஒடிஞ்சு கெடக்கான்."

படகு உடைந்து இருவரும் ஒரு மணல்திட்டில் ஒதுங்கியிருக்கிறார்கள். அங்கே இடிந்த பழைய கலங்கரை விளக்கம் ஒன்று. அதன் தொட்டியில் மழைத்தண்ணீர். கையில் அகப்பட்ட மீன், நண்டு. அந்த வழியாகச் சரக்குக் கலங்கள் போகும். அவற்றில் ஆள் கிடையாது, கையசைத்து என்ன பயன்? கடைசியில் ஒரு கலம் அருகே வந்தபோது கஸ்பார் நீந்திப் போய் அதன் பக்கவாட்டு ஏணியைப் பிடித்துத் தொற்றிக்கொண்டான். செபஸ்தியால் நீந்த முடியவில்லை.

"ஆளக் கூட்டிட்டு வாரேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன் யக்கா. தொட்டில தண்ணி அடிமட்டத்துக்குப் போயிட்டு. மழையும் நின்னுபோச்சு."

சகாயராணி மீட்பு மையத்தை அழைத்தாள். மென்மையான குரல் பொறுமையாகக் கேட்டது. பிறகு, "செபஸ்தியான் நலமாக வீட்டில் இருக்கிறார். இன்று காலை நடைப்பயிற்சி செய்தார்" என்றது.

"அவரு வீட்ல இல்ல! நான்தான் அவரு பொண்டாட்டி, எனக்குத் தெரியாதா? கூடப் போன கஸ்பார் இந்தா எம் முன்னால நிக்கான்!"

"கஸ்பாரும் வீட்டில் இருக்கிறார். உங்கள் முன் நிற்பவர் அடையாளம் தெரியாதவர். உங்கள் பாதுகாப்புக்காகக் காவலர் ஒருவரை அனுப்பட்டுமா?"

அவள் இணைப்பைத் துண்டித்தாள்.

ஊர்ப் படகை எடுத்துப் போகலாம் என்று கஸ்பார் துறைக்கு ஓடினான். கட்டியிருந்தவை எல்லாம் தானோடிகள். வான்களம் வழி கொடுத்தால்தான் இயந்திரம் உயிர்பெறும். மீனில்லாத திசைக்கு, காரணமில்லாத பயணத்துக்கு, அது வழி கொடுக்கவில்லை. நாலைந்து பேர் கூடி நின்று கஸ்பாரைப் பார்த்தார்கள். அவனை அறிந்தவர்கள்தான். ஆனால் ஒவ்வொருவரும் ஒருமுறை தங்கள் கைத்திரையைப் பார்த்துவிட்டு அரை அடி பின்னால் நகர்ந்தார்கள்.

சகாயராணி ஏற்றுப்பலகையின் முன் உட்கார்ந்தாள். வான்களத்துக்கு அவள் சொல் வேண்டாம், கோப்புதான் வேண்டும். சரி, கோப்பே கொடுப்போம் என்று முடிவு செய்தாள்.

புதிய கோப்பு ஒன்றைத் திறந்தாள். இல்லாத ஒரு படகுக்கு எண் போட்டாள். அதில் ஓர் ஆளை ஏற்றினாள். பெயர் கேட்டது. அந்தக் கடற்கரையில் தடுக்கி விழுந்தால் ஓர் அந்தோணிமேல்தான் விழ வேண்டும், அந்தோணி என்றே எழுதினாள். படகு மூழ்கியது, ஆள் மணல்திட்டில், கால் முறிவு, உயிர் இருக்கிறது. கஸ்பார் சொன்ன அடையாளங்களை வைத்துத் திட்டு இருக்கும் இடத்தைக் குறித்தாள். சொந்த ஊர், மனைவி, உறவினர் என்ற நிரல்களில் கை நின்றது. அவற்றில் எதை எழுதினாலும் எங்காவது முரண்படும், கோப்பு திரும்பி வந்துவிடும் என்று பயந்தாள். அப்படியே விட்டுவிட்டு முன்காட்சிக்காகக்கூடக் காத்திராமல் அழுத்தினாள்.

கோப்பு ஏறியது. அவள் எழுந்து ஜன்னலுக்கு வருவதற்குள் மீட்புக் கலம் துறையை விட்டுப் பாய்ந்துவிட்டது.

மறுநாள் அவனைக் கொண்டுவந்தார்கள். தாடியும் எலும்புமாக, கண் மட்டும் பெரிதாக இருந்தான். படுக்கையோடு இறக்கும்போது, "ராணி" என்று ஒரு சொல் சொன்னான். அவள் கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் அவன் முகத்தைத் தன் இரண்டு கைகளிலும் ஏந்தினாள். உப்பும் புண்ணுமாக வாடையடித்தது. அந்த வாடை அவளுக்குப் போதும் போலிருந்தது.

ஆஸ்பத்திரியில் முகத்தைப் படித்த கருவி ஒரு கணம் தயங்கியது. பிறகு, செபஸ்தியான் என்பவரோடு தற்செயலான முக ஒற்றுமை என்று குறித்துக்கொண்டது. இருக்கட்டும் என்றாள் சகாயராணி. அந்தோணியாகவே காலைக் கட்டட்டும். ஊன்றி நடக்கத் தொடங்கியதும் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப் போய்விடலாம். கஸ்பார் இப்போது அப்படித்தான் இருந்தான். தன் வீட்டிலேயே விருந்தாளி. வாராவாரம் அவன் மனைவி அனுமதியைப் புதுப்பித்துக்கொண்டிருந்தாள். அதில் என்ன குறைந்துவிட்டது என்று அவர்கள் சிரிக்கவும் தொடங்கியிருந்தார்கள்.

கால் கூடிவந்த வாரத்தில் தாதி மலர்ந்த முகத்தோடு வந்தாள். "அந்தோணி அண்ணே, உங்க வீட்டுக்குத் தகவல் சொல்லியாச்சு. நாளைக்கு வந்துருவாங்க."

"எந்த வீட்டுக்கு?" என்றாள் சகாயராணி.

அவள் விட்டுவைத்த வெற்றுக் கட்டங்களை அந்த நிரப்பிக் கருவி பார்த்திருக்கிறது. ஆள் வீடு திரும்பாத கடற்கரைகளையெல்லாம் தேடிப் பார்த்து, அதே பெயர், ஏறக்குறைய அதே வயது, அதே தொழில் என்று ஓர் இடைவெளியைக் கண்டுபிடித்திருக்கிறது. அதில் இவனைப் பொருத்திவிட்டது. ஒரே கணக்கில் இரண்டு குறைகள் தீர்ந்தன.

மறுநாள் வந்தவளின் பெயர் மெர்சி, கடலுக்குப் போய்த் திரும்பாத அந்த அந்தோணியின் மனைவி. வடக்கே தொலைவில் ஒரு கடற்கரை ஊர். நெடுநேரப் பயணத்தில் கசங்காமல் இருக்க முந்தானையை மடித்துச் செருகியிருந்தாள். ஒரு பையில் புது வேட்டி, சட்டை, கொஞ்சம் வாழைப்பழம். கட்டிலின் அருகே வந்து நின்று அவனையே பார்த்தாள்.

"யாரும்மா நீ?" என்றான் செபஸ்தி.

"கடலில் தவித்தவர்களுக்கு நினைவு மங்குவது இயல்பு," என்றது கட்டிலின் தலைமாட்டிலிருந்து குரல். "பழகிய முகங்கள் மெல்ல நினைவுக்கு வரும்."

சகாயராணி மெர்சியின் கையைப் பிடித்தாள். "தங்கச்சி, இது எங்க வீட்டுக்காரரு. நான்தான் பேர மாத்தி ஏத்துனேன். இவர உசுரோட கொண்டுவர வேற வழி தெரியல. ஒன் மனசு எனக்குப் புரியுது. ஆனா இவரு ஒன் ஆளு இல்ல."

மெர்சி கைத்திரையைப் பார்த்தாள். அவளிடமும் ஒரு பச்சைக் கோடு. 'வேறு துறையில் நலமாக உள்ளார்' என்ற சொற்களுக்குக் கீழே போன புயலிலிருந்து ஓடிக்கொண்டிருந்த கோடு. இப்போது அது கட்டிலோடு இணைந்துவிட்டது. செபஸ்தியின் மார்பு ஏறி இறங்கியபோது கோடும் ஏறி இறங்கியது. அவள் அவன் நெஞ்சையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குனிந்து அவன் நெற்றியில் கை வைத்தாள்.

"ரொம்ப எளச்சுட்டீங்க," என்றாள்.

மாலையில் ஊர்தி வந்தது. செபஸ்தி கத்தினான், கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். குழப்பத்தில் இருப்பவர்களுக்குக் கொடுக்கும் மருந்தை அவனுக்கும் கொடுத்தார்கள். கஸ்பார் குறுக்கே போய் நின்றான். அடையாளம் இல்லாதவன் என்பதால் காவலர்கள் அவனை எளிதாக ஓரத்துக்கு இழுத்துப் போனார்கள். நோயாளியும் மனைவியும் மட்டும் ஏறலாம் என்று ஊர்தி அறிவித்தது. மெர்சி ஏறினாள்.

சகாயராணி மூடப்போன கதவின் இடுக்கில் கையை வைத்தாள். கதவு நின்றது. யாருக்கும் காயம் படக்கூடாது என்பது வான்களத்தின் விதி. கையை எடுக்கும்படி ஊர்தி பணிவாகக் கேட்டது. அவள் எடுக்கவில்லை.

"ஒனக்குத் தெரியும்," என்றாள் உள்ளே பார்த்து. "இவரு ஒன் ஆளு இல்லன்னு ஒனக்கு நல்லாத் தெரியும். சொல்லு."

மெர்சி தூங்குகிறவனின் தலையைத் தன் மடியில் சரியாக வைத்துக்கொண்டாள். பிறகு கதவருகே சாய்ந்து, வெளியே நின்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

"தெரியும்க்கா. வாசல்ல நுழையும்போதே தெரிஞ்சுபோச்சு." அவள் கண்கள் சகாயராணியின் மணிக்கட்டில் ஓடிய பச்சைக் கோட்டின்மேல் இருந்தன. "ஆனா உங்களுக்குத்தான் வீட்ல ஒருத்தர் இருக்காரே."