மழையில் தோற்ற வாதம்

“தள்ளுங்க... தள்ளுங்கன்னா!”

அவன் திரும்புவதற்குள் அவள் மோதிவிட்டாள். பாவ் ஷென்னின் மூங்கில் ஏடுகள் பழஞ்சீனத்து லின்ட்சு நகரின் மேற்கு வாசலில் சிதறின. அந்த நேரம் பார்த்து வானமும் பொத்துக்கொண்டது.

மூன்று வருட உழைப்பு! மனிதன் பிறவியிலேயே சுயநலக்காரன், கல்விதான் அவனைத் திருத்துகிறது என்று நிறுவ அவன் எழுதியவை. மை கரைந்துவிட்டால்...

அவன் குனிவதற்குள் அவள் தன் கோரைப்புல் மழையங்கியை உருவி ஏடுகளின் மேல் போர்த்திவிட்டாள். அவளுடைய கூடையிலிருந்த ஊதாப் பட்டுநூல் நனைந்து சாயம் போனது. சாயக்காரர் மகள் சூய் ரோங். இமை நுனியில் ஒரு மழைத்துளி... விழலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தது.

“எதுக்கு இப்படிச் செஞ்சீங்க? என்கிட்ட என்ன எதிர்பார்க்கிறீங்க?”

“ம்... ஒரு தேரு, ரெண்டு குதிரை!” சிரித்தாள். “எழுத்து நனையுதேன்னு கை தானா போச்சு, பண்டிதரே. அவ்வளவுதான்.”

அதன்பின் மூன்று நாளைக்கு ஒருமுறை, நெசவாளருக்கு நூல் கொண்டுபோவதாகச் சொல்லி அவள் அந்த வழியாக வந்தாள். அவனும் ஏதோ வேலையிருப்பதுபோல் அங்கேயே நின்றான்.

“எல்லாரும் பொறக்கும்போதே கெட்டவங்கன்னா, உங்களை நம்பி இலந்தைப்பழம் கொடுக்கலாமா?”

“நான் படிச்சுத் திருந்தினவன்.”

“எவ்வளவு? பாதியா, முக்காலா?”

அவளோடு பேசிவிட்டுப் போனால் அன்றைக்கு அவனுக்குப் படிப்பே ஓடாது.

கல்விச்சாலையில் பெரிய வாதம் வந்தது. “யோசிக்காமலே உதவுகிறவர்கள் இல்லையா?” என்று எதிரணி மடக்கியது. பாவ் ஷென் திணறினான். அப்புறம்... சொல்லிவிட்டான்.

“மழையில என் ஏடுகளைக் காப்பாத்தினா ஒரு சாயக்காரர் பொண்ணு. உடனே என்ன கேட்டா தெரியுமா? தேரும் குதிரையும்! இப்பவும் மூணு நாளைக்கு ஒருதரம் வர்றா. பண்டிதர் தயவு வேணுமில்ல?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வென்றுவிட்டான். அந்தச் சிரிப்புக்கு நடுவே, வாசலோரம் வேடிக்கை பார்த்தவர்களுக்குள் கூடையோடு நின்ற ரோங்கின் கண்களை அப்போதுதான் பார்த்தான். அவை சிரிக்கவில்லை. மெல்லத் தாழ்ந்து... கூட்டத்தில் மறைந்தன.

அதற்குப் பிறகு அவள் வரவேயில்லை. சாயப்பட்டறைக்கே போனான். அவள் அப்பா வாசலை மறித்தார்.

“ஊர் முன்னாடி என் பொண்ணைச் சிரிப்பா சிரிக்க வச்சவன் நீதானே? போயிடு!”

இருபது நாள் கழித்து, அதே சபையில் பாவ் ஷென் எழுந்து நின்றான்.

“அன்னிக்கு நான் பொய் சொன்னேன். அந்தப் பொண்ணு என்கிட்ட எதுவும் கேக்கல. அவ விளையாட்டாச் சொன்னதை நான் சாட்சியாக்கிட்டேன்.”

யாரும் சிரிக்கவில்லை. அவனுடைய ஆசிரியர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சபையில் அவனுக்கிருந்த இடம் அன்றோடு போயிற்று.

அந்தச் சேதி அவனுக்கு முன்பே சாயப்பட்டறைக்குப் போய்விட்டது. இந்த முறை வாசலில் நின்றவள் ரோங். கை இரண்டும் முழங்கை வரை ஊதா நிறம்.

“இடத்தைத் தொலைச்சுட்டீங்களாமே? இப்பவாவது ஒத்துக்குறீங்களா, மனுஷன் நல்லவன்னு?”

“இல்ல ரோங். மனுஷன் பொறக்கும்போதே கோணல்தான். நானே அதுக்குச் சாட்சி. ஒரு வாதத்துல ஜெயிக்க உங்களையே விட்டுக் கொடுத்தேனே... என்னை நிமித்திக்கணும். தினமும் முயற்சி பண்றேன். உங்க பக்கத்துல இருந்து பண்ணணும்னு ஆசையா இருக்கு... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு.”

அவள் தன் ஊதாக் கைகளைக் குனிந்து பார்த்தாள்.

“நானும் அவ்வளவு நல்லவ இல்ல” என்றாள் மெதுவாக. “மழையில கை தானா போனது நெசம். ஆனா அப்புறம் வந்ததெல்லாம் தானா வரல. அன்னிக்கு மட்டுந்தான் மேற்கு வாசல்ல வேலை இருந்துச்சு. நாங்க வழக்கமா நூல் கொடுக்கிற நெசவாளர் வீடு கிழக்கு வாசல்ல இருக்கு.”

அவன் விழித்தான். “அப்போ... நான் சபையில சொன்னது?”

“பாதி சரி. ஆசைப்பட்டுத்தான் வந்தேன். பண்டிதர் தயவுக்கு இல்ல...” ரோங்கின் காதுமடல் சிவந்தது. “பண்டிதருக்கு.”

உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. “யாரும்மா வாசல்ல?”

அவள் ஊதாக் கையால் அவன் கையைப் பற்றிக்கொண்டாள்.

“உள்ள கூட்டிட்டு வர்றேன்ப்பா!”