உள்ளே: யாரும் இல்லை

நாலாம் தொட்டியின் வாயைப் பூட்டி முத்திரை வைத்து ஒரு மாதம் ஆகிறது. அப்படியிருந்தும் அன்று சாயங்காலம் ரேகாவின் லேப்டாப் திரையில், அந்தத் தொட்டிக்கு நேரே, ‘உள்ளே: ஒருவர்’ என்று வந்து நின்றது.

பழைய செய்தி எங்கேயோ சிக்கியிருந்து இப்போது வந்திருக்கும் என்று நினைத்து அதை அழித்தாள். சிதம்பரம் வண்டிகேட்டுப் பக்கம் அவர்கள் குடியிருந்த வீட்டின் மாடி அறை அது. கார்த்திகை மழை மத்தியானத்திலிருந்து தகரக் கூரையில் விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. கீழே கணவன் கதிர்வேல் தாளிக்கிற கடுகு வாசனையும், கொடியில் காயாமல் கிடந்த துணிகளின் ஈர வாசனையும் கலந்து படியேறி வர, அதற்கெல்லாம் அடியில் வேறொரு வாசனை, நகப்பூச்சு அழிக்கிற திரவம் மாதிரி ஒரு தித்திப்பு, மூக்கில் பட்டும் படாமலும் நின்றது. ரேகா நகத்துக்குப் பூச்சு போடுகிறவள் இல்லை.

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு மருந்துக் கம்பெனி. பெயர் நமக்கெதற்கு. ஆள் இறங்கிக் கழுவுகிற பெரிய பெரிய இரும்புத் தொட்டிகள் அங்கே உண்டு. இறங்குகிறவன் தொட்டி வாயிலுள்ள கருவியில் கார்டை வைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். வைத்ததும் கருவிக்குள் அவன் ஒரு ஆப்ஜெக்ட், ஒரு தகவல் கட்டு, ஆகிவிடுவான்: பெயர், எண், இடம். அதைப் பிரித்து ஜேசான் என்கிற வெறும் எழுத்து வரியாக்கி அனுப்பினால், கண்ட்ரோல் ரூமில் இருக்கிற புரோகிராம் அந்த வரியைப் படித்து மறுபடியும் ஆளாகக் கூட்டித் திரையில் காட்டும். இந்தப் பிரிக்கிற வேலையையும் கூட்டுகிற வேலையையும் எழுதியவள் ரேகா; அந்தத் திரை அவள் லேப்டாப்பிலும் வரும்.

ஒப்பந்தக் கூலிகளுக்கு அன்றைக்கு மட்டும் செல்லுகிற கார்டு. அதில் எண் கிடையாது. எண் இல்லாத வரி வந்தால் கூட்டுகிற இடத்தில் புரோகிராம் முரண்டு பிடித்து, திரையே உறைந்துபோனது. மறுநாள் கம்பெனிக்காரர்களுக்குப் போட்டுக்காட்ட வேண்டும். அவசரத்துக்கு ஒரு வரி சேர்த்தாள்: எண் இல்லையென்றால் அந்த ஆளை விட்டுவிடு. அவ்வளவுதான். திரை ஜோராக ஓடியது, எல்லாரும் கை கொடுத்தார்கள். பெண்ணாடத்தில் சர்க்கரை ஆலைக்குக் கூலியாகப் போய்த் தன்னைப் படிக்கவைத்த அப்பாவும் எண் இல்லாத ஆள்தான் என்பது அந்த நிமிஷத்தில் அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஐப்பசியில் ஆண்டி என்கிற ஒப்பந்தக் கூலி கார்டை வைத்துவிட்டு நாலாம் தொட்டிக்குள் இறங்கினான். கண்ட்ரோல் ரூம் திரை ‘உள்ளே: யாரும் இல்லை’ என்றது. மூடியை இறுக்கி, கழுவுகிற திரவத்தைத் திறந்துவிட்டார்கள். உள்ளேயிருந்து டொக், டொக் என்று கேட்டதாம். பம்பு சத்தம் என்று நினைத்தோம் என்றார்கள்.

சாவுச் செய்தி வந்த அன்றே ரேகா அந்த வரியை எடுத்துவிட்டு, எண் இல்லாதவனும் திரையில் வருகிற மாதிரி சரிசெய்தாள். சரிசெய்ததை யாரிடமும் மூச்சு விடவில்லை. நாளைக்குக் கடலூரில் விசாரணை. ஆண்டி குடித்துவிட்டு, கார்டு வைக்காமல் இறங்கினான் என்று முடித்துவிடப் போகிறார்கள். காலையில் அவன் மனைவி தைலம்மாள் போன் செய்திருந்தாள்.

“அவுரு கார்டு வச்சத கூட வேல செஞ்சவுங்க பாத்திருக்காங்கம்மா. குடிச்சிட்டு எறங்குனாருன்னு எழுதிட்டா எம் பொண்ணு எப்படிம்மா ஸ்கூலுக்குத் தல நிமுந்து போவும்? அவுரு அதத் தொட்டதே இல்ல. மிஷினுல இருந்தத இருந்தபடி நீ சொன்னா போதும்மா.”

“பாத்துட்டுச் சொல்றேங்க்கா” என்று வைத்தவள்தான். சொன்னால் வேலை போகும், கேஸும் வரும். சொல்லாவிட்டால் அந்தப் பெண் காலத்துக்கும் குடிகாரன் மகள். காலையிலிருந்து ரேகாவுக்கு ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை.

திரையில் மறுபடியும் ‘உள்ளே: ஒருவர்.’

இந்தத் தடவை கூட்டுவதற்கு முன்னால் வந்த வரியைத் திறந்து பார்த்தாள். பெயர்: ஆண்டி. எண் என்ற இடத்தில் ஒன்றுமில்லை. இடம்: புதுச்சத்திரம்.

இடம் என்ற கட்டத்தில் தொட்டியின் பெயரைத் தவிர வேறெதுவும் வர வழியே இல்லை. வழியை அடைத்தவளே அவள்தான். கடலூரிலிருந்து சிதம்பரம் வருகிற பஸ் புதுச்சத்திரத்தில் நின்றுதான் வரும். அழித்தாள். அழித்த கை மேசையை விட்டு எழுவதற்குள் அடுத்தது வந்தது. பெயர்: ஆண்டி. இடம்: வண்டிகேட்.

“ரேகா,” என்று கீழேயிருந்து கதிர்வேல் கூப்பிட்டான். “பெண்ணாடத்துலேருந்து மாமா வர்ற பஸ்ஸு புவனகிரி தாண்டிருச்சாம். போயி கூட்டியாந்துர்றேன். இருட்டுல ஒக்காந்திருக்காத, லைட்டப் போடு.”

போகாதீங்க என்று சொல்ல வாயெடுத்தாள். என்னவென்று சொல்வது? ஒரு காரணம் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். வண்டி கிளம்பி, மழைக்குள் போய், கேட்காமல் போனது.

எழுந்து லைட்டைப் போட்டாள். எரியவில்லை. தித்திப்பு வாசனை இப்போது தொண்டையில் இறங்கிக் கண்ணைக் கரித்தது. கீழே, படியின் அடியில், ஈரக்கால் ஒன்று சிமெண்டில் ஒட்டிப் பிரிகிற சத்தம்.

இடம்: மாடிப்படி.

டொக்.

படியின் இரும்புக் கைப்பிடியில் விரல் முட்டி படுகிற சத்தம். கோபம் இல்லாத சத்தம். யாராவது இருக்கீங்களா என்று கேட்கிற மாதிரி.

டொக். இன்னும் மேலே.

விசாரணை அதிகாரியின் எண் போனில் இருந்தது. போன் கையில் இருந்தது. இருந்தபடி சொன்னா போதும் என்று தைலம்மாள் சொன்னது காதில் அப்படியே இருந்தது. மன்னிச்சிருங்கண்ணே என்று கதவைப் பார்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தாள். லேப்டாப்பை இழுத்தாள். பழைய வரி அவள் விரலுக்கே தெரியும்; திரும்ப அடித்துச் சேர்த்தாள்.

எண் இல்லையென்றால் அந்த ஆளை விட்டுவிடு.

உள்ளே: யாரும் இல்லை.

சத்தம் நின்றது. வாசனை இல்லை. மழை மட்டும். ரேகா அழுதாள். நிம்மதியில்தான் அழுதாள். அதை நினைக்கவே அவளுக்கு அசிங்கமாக இருந்தது.

வாசலில் வண்டி வந்து நின்றது. அப்பாவின் இருமல். கதிர்வேலின் காலடி படியேறியது, கதவைத் திறந்தான்.

“வாங்க” என்று எழுந்தாள்.

அவன் பார்வை மேசைக்குப் போனது. கட்டிலுக்குப் போனது. அவள் முகத்தின்மேல் ஊர்ந்து, எங்கும் நிற்காமல், சன்னலுக்குப் போனது.

“மேல யாரும் இல்ல மாமா” என்று கீழே பார்த்துச் சொன்னான். “எங்க போனாளோ தெரியல. சாரல் அடிக்குது, கதவச் சாத்திட்டு வர்றேன்.”

“என்னங்க, இங்கதான் இருக்கேன்.”

கதவு மூடியது. வெளித்தாழ்ப்பாள் விழுந்தது.

திரும்பினாள். திரையில் கூட்டுவதற்கு முன்னால் வந்த வரி ஒன்று நின்றது. பெயர்: ரேகா. எண் என்ற இடத்தில் ஒன்றுமில்லை. இடம்: மாடி அறை.

அதற்கு மேலே, பெரிய எழுத்தில், உள்ளே: யாரும் இல்லை.

பாதம் நனைந்தது. தித்திப்பு வாசனை. குளிர்ந்த திரவம். கணுக்கால் வரை. கத்தினாள். குரல் சுவரில் பட்டு அவளிடமே வந்தது. கதவைத் தட்டினாள். முட்டி தோலுரியத் தட்டினாள்.

“மேல என்னா மாமா சத்தம்?” கதிர்வேலின் குரல்.

கீழே அப்பா காது கொடுத்துக் கேட்கிறார். அவளுக்குத் தெரிந்தது.

“பம்பு சத்தம் மாப்ள” என்றார் அப்பா. “நீ சோத்தப் போடு.”

திரவம் முழங்காலுக்கு வந்தது. திரை வெளிச்சத்தில் கதவின்மேல் அவள் கை. அதன் பக்கத்தில், தோல் வெளுத்து ஊறிய இன்னொரு கை, அவளோடு சேர்ந்து, பொறுமையாகத் தட்டிக்கொண்டிருந்தது.