நைலான் இழை

"இப்போ."

"டேய், இன்னும் நான் தொடவே இல்லடா."

"பெருவிரல்ல தொட்டியே."

"டாக்டர்கிட்டயும் இப்படியே அளந்து விடு. காலைப் பத்திரமா உன்கிட்டயே குடுத்துருவாரு."

கட்டிலில் குப்புறக் கிடந்த லாரி ஓட்டுநர் தலையணைக்குள் சிரித்தான். அக்காவின் நாக்குக்கு அவன் பழகிப்போனவன். சர்க்கரை வந்து வலது பாதம் மரத்துப்போய் ஆறு வருஷம். குதிகால் புண் ஏழு மாதமாக ஆறவில்லை. நாளைக் காலை பார்த்துவிட்டு, தேறாவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவதாக மருத்துவர் சொல்லியிருந்தார். கால் போனால் லாரியும் போச்சு. பாதத்தில் உணர்ச்சி வந்துவிட்டால் வெட்ட மாட்டார்கள் என்று அவனாகவே நம்பிக்கொண்டிருந்தான். அதனால் கட்டு மாற்றும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வான். அக்கா நைலான் இழையால் பாதத்தை ஒவ்வோர் இடமாகத் தொடுவாள். தெரிந்தால் 'இப்போ' என்று சொல்ல வேண்டும். இன்றுவரை ஒருமுறைகூடச் சரியாகச் சொன்னதில்லை.

"இரு, உப்புத்தண்ணி எடுத்துட்டு வரேன். அதுக்குள்ள எழுந்து ஓடிராத."

அவள் செருப்புச் சத்தம் கூடத்தைத் தாண்டிப் போனது. மதிய வெயில் திரைச்சீலையில் மஞ்சளாகத் தேங்கியிருக்க, பிரித்துப்போட்ட கட்டிலிருந்து அழுகிய பழம்போல இனித்துக்கொண்டு வந்த வாடையை மின்விசிறி சுற்றுக்கொருமுறை முனகியபடி அறை முழுக்கப் பரப்பிக்கொண்டிருந்தது.

இரண்டாம் விரலில் ஒரு தொடுகை. மெதுவாக. கொஞ்சம் ஈரமாக.

"இப்போ!" என்றான். கண்ணீரே வந்துவிட்டது.

"என்னடா இப்போ?"

குரல் சமையலறையிலிருந்து வந்தது. குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாம் விரல். நடுப்பாதம். அக்கா தொடும் அதே வரிசை. குதிகால். புண்ணின் விளிம்பு.

அங்கே நின்றது.

அப்போதுதான் புரிந்தது. தொட்டது வெளியிலிருந்து அல்ல.

கணுக்கால். தோலுக்கு அடியில். ஆடுசதை. அவசரமே இல்லாமல்.

செருப்புச் சத்தம் திரும்பி வந்து வாசலில் நின்றது. புட்டி விழுந்து உருண்டது. அக்கா அலறவில்லை. அவன் பாதத்தையே பார்த்தபடி ஓரடி பின்னால் வைத்தாள். இன்னோரடி.

கதவு சாத்தப்பட்டது. வெளித்தாழ்ப்பாள் விழுந்தது.

"அக்கா! டாக்டருக்குப் போன் போடுக்கா. முழங்காலோட நிறுத்த வேணாம்னு சொல்லு. இன்னும் மேல வெட்டச் சொல்லுக்கா... அக்கா..."