பொங்கின பால்

"என்ர மகளின்ர வயித்துக்குள்ளையே பேரன் செத்துப்போனான். மருமகள்தான் நஞ்சு குடுத்தவள். நிரூபிச்சுத் தாங்கோ, பிள்ளை. பொலிசுக்குப் போனால் குடும்ப மானம் போயிடும்."

கனடாவின் ஸ்காபரோவில், மங்கையற்கரசியின் தொடர்மாடி வீட்டில், குளிர்ச்சட்டையைக் கழற்றாமல் நிமிர்ந்து நின்று சொன்னார் இராசரத்தினம். மங்கையற்கரசி கிருமி ஆய்வுகூடத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். இப்போது இப்படிப்பட்ட சிக்கல்களை அவிழ்ப்பவர்.

"ஆஸ்பத்திரியிலை என்ன சொன்னவை, அண்ணை?"

"லிஸ்டீரியா எண்டு ஒரு கிருமியாம். மருமகள் கிறிஸ்ரினா வாங்கின சீஸ்தான். அவளை இண்டைக்கே வீட்டை விட்டு அனுப்பப்போறன்."

"அப்ப கேஸ் முடிஞ்சுது, அக்கா!" என்றான் உதவியாளன் ஜனார்த்தன்.

"நீ முதலிலை காரை எடு."

மார்க்கத்தில், இராசரத்தினத்தின் புது வீட்டில் கறி சமைக்கும் அடுப்பு கராஜில் இருந்தது. குசினி மின்னடுப்பு புதுமை மாறாமல் மின்னியது.

"புதுவீட்டுக் குடிபூரலுக்குப் பால் காய்ச்சினதோட சரி," என்றார் இராசரத்தினம் பெருமையாக. "பண்ணையிலை கறந்த பால். பிறிட்ஜிலை வைச்சு, நல்ல நேரத்திலை நானே காய்ச்சினன். மூண்டு பக்கமும் பொங்கி வழிஞ்சது. ராசி எண்டு அடுப்பை ஒருத்தரையும் துடைக்க விடேல்லை. முதல் கோப்பை பிள்ளைத்தாச்சி எண்டு மகள் நிலாணிக்கு. நாங்களும் குடிச்சம், ஒண்டும் நடக்கேல்லையே!"

மங்கையற்கரசி அடுப்புச் சுருளைத் தூக்கி, கீழிருந்த தட்டைப் பார்த்தார். பிறகு மாடிக்குப் போனார்.

நிலாணி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "சீஸோ? அந்த மணத்துக்கே சத்தி வரும், தொடேல்லை. குடிபூரலிலை அப்பா சூடு காட்டித் தந்த பாலைத்தான் ஆசையாக் குடிச்சன்."

கீழே வாசலில் கிறிஸ்ரினாவின் பெட்டி நின்றது. மங்கையற்கரசி எல்லோரையும் குசினிக்கு அழைத்தார்.

"இந்தக் கிருமி காய்ச்சாத பண்ணைப் பாலிலையும் இருக்கும், பிறிட்ஜுக்குள்ளையும் பெருகும். ஆனால் குளிரிலை ஆயுதம் எடுக்காது. உடம்புச் சூட்டை உணர்ந்த பிறகுதான், ஆளுக்குள்ளை வந்திட்டம் எண்டு அதுக்கு விளங்கும். பிறகு வாரக்கணக்காய்ப் பதுங்கியும் தாக்கும். பலமான உடம்பு அடக்கிப்போடும். கருவிலை இருக்கிற பிள்ளையாலை ஏலாது."

"கொதிச்ச பாலிலை அது செத்திருக்குமே, அக்கா?" என்றான் ஜனார்த்தன்.

"ஓம். ஆனால் பொங்கி வழிஞ்ச பால் இந்தத் தட்டிலை கருகிப் பிடிச்சிருக்கும். ஒரு சொட்டுக் கறை இல்லை. நிலாணி சொன்னதும் சூடு காட்டின பால். காய்ச்சின பால் இல்லை. பொங்கினதோ, அண்ணை?"

இராசரத்தினம் அந்தத் தட்டைத் தடவிப் பார்த்தார். அன்று நல்ல நேரம் கழிந்துகொண்டிருந்தது; அடுப்பு மந்தம்; சபை முழுதும் அவர் கையையே பார்த்தது. "பொங்கிட்டுது!" என்று கூவிச் சட்டியை இறக்கினார். பக்கத்தில் நின்றவள் கிறிஸ்ரினா.

"நீ கண்டனிதானே? ஏன் சொல்லேல்லை?" என்று இப்போது அவளைக் கேட்டார்.

"சபைக்கு முன்னாலை பொங்கினது எண்டு சொன்னனீங்கள், மாமா. நான் எப்பிடி இல்லை எண்டு சொல்லுறது?"

அவர் வாசலுக்குப் போய்ப் பெட்டியைத் தூக்கி வந்து உள்ளே வைத்தார். பிறகு மாடிப்படியின் அடியில் நின்று, மகளுக்குக் கேட்கும்படி, அன்று சபைக்குக் கூவிய அதே குரலில் சொன்னார்:

"பொங்கேல்லை."