கடைசி ஆளுக்குப் பின்னால்

கடைசியாக வருகிறவனுக்குப் பின்னால் சைக்கிள் சத்தம் கேட்கக் கூடாது. அவனுக்குக் கேட்டது.

முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விடுமுறை என்ற பெயரில் காட்டுக்குள் மலை சைக்கிள் மிதித்துக்கொண்டிருக்கும், மற்ற நாளெல்லாம் இன்சூரன்ஸ் ஆபீசில் நடுராத்திரி வரை நாற்காலி தேய்க்கும் ஒருவனுக்கு, உடம்பின் எந்த மூலையிலிருந்தும் எந்தச் சத்தமும் வரலாம். மேலே ஊசியிலை மரங்கள் ஒன்றோடொன்று உரசி முனக, பனிமூட்டம் பாதையின் இருபுறமும் பிழியாத துணி மாதிரித் தொங்க, மக்கிய இலையும் நனைந்த மரப்பட்டையும் சேர்ந்த வாடை மூக்குக்குள் குடியேற, வெளிச்சம் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருக்க, அவன் தலையைக் குனிந்து முன் சக்கரத்தை மட்டும் பார்த்து மிதித்தான். பின்னால் அது. டிக் டிக் டிக் டிக்.

நிறுத்தினான். அது இன்னும் கொஞ்சம் வந்து, யோசித்து, நின்றது.

சைக்கிள் ஓட்டும் எவருக்கும் தெரிந்த சத்தம்தான். மிதிப்பதை விட்டுவிட்டு வண்டியைத் தானாக உருள விட்டால் பின் சக்கரத்தின் நடுவிலிருந்து வருவது. இறக்கத்தில் சுகமாக உட்கார்ந்து வருகிறவனின் சத்தம். ஆனால் இது ஏற்றம். பல்லைக் கடித்து மிதித்தாலே வண்டி நகர்வேனா என்கிற ஏற்றம். இதில் மிதிக்காமல் உருளும் வண்டி கீழே போகலாம், மேலே வராது.

திரும்பிப் பார்த்தான். ஈரப் பாதை. அதில் அவனுடைய டயர் தடம். வேறொன்றும் இல்லை.

இந்தக் கூட்டத்தில் ‘கடைசி ஆள்’ என்பது ஒரு பதவி. முதல் நாள் காலையில், ஜிம் நடத்துகிறவரும் முன்னால் போய் வழி காட்டுகிறவருமான தலைவர், அவன் மிதிக்கிற அழகைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “சார், கடைசி ஆள் வேலைக்கு ரொம்பப் பொறுப்பான மனுஷன் வேணும்” என்றார். பொறுப்புக்கு அப்படியும் ஓர் அர்த்தம் இருப்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. விதி இதுதான்: பாதை பிரிகிற இடத்தில், தலைவருக்கு அடுத்து வருகிறவர் நின்றுகொண்டு சரியான பக்கம் கை நீட்ட வேண்டும். கடைசி ஆள் வந்து சேரும்வரை அங்கிருந்து நகரக் கூடாது. அவன் வந்துவிட்டால், பின்னால் காட்டில் நம்மவர் யாரும் இல்லை. அவனோடு கிளம்பிவிடலாம்.

அடுத்த பிரிவில் கை நீட்டி நின்றது பல் டாக்டர். வாயைத் திறந்துகொண்டு படுத்திருப்பவர்களிடமே பேசிப் பழகியதால், பதிலுக்குக் காத்திருக்கும் வழக்கம் அவருக்குப் போய்விட்டது.

“வாங்க கடைசியாரே! உயிர் இருக்கா? இனிமே ஒரே ஒரு பிரிவுதான். அப்புறம் ஏத்தம், மேல விடுதி, வெந்நீர். அந்தப் பிரிவுல யாரு நிக்கறாங்க தெரியுமா? உங்க வீட்டுக்காரம்மா! அவங்களே கேட்டு வாங்கிக்கிட்டாங்க. உங்ககூட சேர்ந்துதான் மேல ஏறுவாங்களாம். எங்க வீட்ல எல்லாம் என்னைக் கண்டாதான் அம்மணிக்கு வேகமே வரும்.”

அவன் முழங்கால் வலியை ஒரு நிமிஷம் மறந்தான்.

அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவன் வீடு திரும்பும்போது அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். அவள் கிளம்பும்போது அவன் தூங்கிக்கொண்டிருப்பான். சில வருஷமாக அவர்கள் ஃப்ரிட்ஜ் வழியாகத்தான் குடும்பம் நடத்தினார்கள். அவள் உள்ளே வைப்பாள், அவன் வெளியே எடுப்பான். இந்தப் பயணத்துக்குப் பணம் கட்டியது அவள். “கடைசித் தடவையா கேக்கறேன்டா. என்கூட வா. இதுக்கு மேல கேக்க எனக்குத் தெம்பில்ல” என்றிருந்தாள். அவளிடம் சொல்ல அவன் ஒரே ஒரு வாக்கியத்தை மூன்று நாளாகச் சுமந்துகொண்டிருந்தான். வேலையை மாத்திக்கறேன். மேலே ஏறும்போது சொல்லிவிடலாம்.

“போலாம் டாக்டர்.”

“இருங்க, பின்னாடி ஒருத்தர் வர்றாரே.”

“எனக்குப் பின்னாடி யாரும் கிடையாது. நான்தான் கடைசி.”

“அப்ப அது யாரு, உங்க நிழலா? தோ, கையாட்டறார் பாருங்க.” டாக்டரும் சிரித்தபடி கையாட்டினார்.

பனி. மரம். வெறும் பாதை. டிக் டிக் டிக்.

“டாக்டர், அங்க யாரும் இல்ல.”

“கண்ணாடியைத் துடைங்க சார். நீங்க முன்னாடி போங்க, நான் இவரைக் கூட்டிட்டு வந்துடறேன். விதின்னா விதிதான்.”

வாதாடலாம். ஆனால் வாதாட மூச்சு வேண்டும். இருந்த கொஞ்சத்தை அவன் அவளுக்காக எடுத்துவைத்திருந்தான். கிளம்பினான்.

“வாங்க வாங்க, உயிர் இருக்கா?” என்று டாக்டர் பின்னால் யாரையோ கேட்பது காதில் விழுந்தது. ஒரு சிரிப்பு. அப்புறம், குழாயை யாரோ பதமாகத் திருகி மூடினது மாதிரி, அவர் குரல் நின்றது.

அவன் மிதித்துக்கொண்டே காத்திருந்தான். டாக்டர் வாயை மூடிக்கொண்டு வண்டி ஓட்டியதாகச் சரித்திரம் இல்லை. வளைவு ஒன்று போனது. இன்னொன்று போனது. திரும்பவும் டிக் டிக். ஒரே ஒரு வண்டியின் சத்தம்.

“டாக்டர்!”

டிக் டிக் டிக். வேகம் கூடவில்லை, குறையவும் இல்லை. காற்று எதிரிலிருந்து அடித்தது. ஆனாலும் பின்னாலிருந்து ஒரு வாடை வந்து கழுத்தில் படிந்தது. ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த அறைக்குள் தண்ணீர் தேங்கி நின்ற வாடை.

அதற்காகக் காத்து நின்றவர் வரவில்லை.

அடுத்துக் காத்து நிற்கிறவள் அவள்.

நிற்பாள். அரை மார்க்கைக்கூடச் சும்மா போடாதவள். விதி என்றால் நிற்பாள்.

அவன் சீட்டிலிருந்து எழுந்து மிதித்தான். இரண்டு தொடைகளும் தீயாக எரிந்தன. அது அவள் கண்ணில் படுவதற்கு முன்னால் அவளைக் கிளப்பிவிட வேண்டும். அவ்வளவுதான். வேர் ஒன்று சக்கரத்தைத் தூக்கிப் போட்டது. விழுந்தான். எழுந்தான். உள்ளங்கையில் ரத்தம். பார்க்க நேரமில்லை. சத்தம் தள்ளிப் போனது. இன்னும் தள்ளி. பிறகு இல்லை.

மஞ்சள் மழைக்கோட்டு தெரிந்தது. நீட்டிய கை.

ஜெயித்துவிட்டான். வாழ்க்கையில் முதல் தடவையாக எங்கோ சீக்கிரம் வந்திருக்கிறான்.

“வா, கிளம்பு. கேள்வி கேக்காத, கிளம்பு.”

அவள் பார்த்தாள். வகுப்பு மாறி வந்துவிட்ட பெற்றோரைப் பார்க்கிற பார்வை.

“இந்தப் பக்கம் மேல போங்க சார். நம்ம கூட்டமா நீங்க?”

“ஏய். நான்டி.”

“நான் இப்ப வர முடியாது சார். கடைசி ஆள் என் வீட்டுக்காரர். அவர்கூடத்தான் வரணும்.”

ஹெல்மெட்டைக் கழற்றினான். முகத்திலிருந்த சேற்றை வழித்தெறிந்தான். குனிந்து, அவள் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுபோனான்.

“நல்லாப் பாரு.”

நன்றாகத்தான் பார்த்தாள். எதையும் அரைகுறையாகப் பார்க்கிறவள் இல்லை. பிறகு ஓரடி பின்னால் போனாள். “தள்ளி நில்லுங்க சார்.”

“நான் வேலையை மாத்திக்கறேன்.”

“நல்லது சார்.”

டிக்.

கையைப் பிடித்தான். உதறினாள்.

டிக். டிக்.

வாடை. அவன் தோளுக்குப் பக்கத்தில். காலடியில், சேற்றில், ஒரு டயர் தடம் தானாக நீண்டது. அவனைத் தாண்டியது. அவள் எதிரில் போய் நின்றது.

அவள் முகம் மலர்ந்தது. அப்படி ஒரு முகம் அவளுக்கு இருந்ததையே அவன் மறந்துபோயிருந்தான்.

“ஏன்டா இவ்ளோ லேட்டு?” என்றாள், அந்த வெற்றிடத்தைப் பார்த்து. “நிக்கறதுக்கே கை வலிக்குது தெரியுமா?”

சிரித்தாள். நீட்டிய கையைக் கீழே இறக்கினாள். வண்டியில் ஏறி இரண்டு பெடலிலும் கால் வைத்தாள். மிதிக்கவில்லை. வண்டி ஏற்றத்தில் ஏறியது.

கத்தினான். அவள் திரும்பவில்லை. ஓடப் பார்த்தான். கால் இரண்டும் மூன்று நாளையும் சேர்த்துக் கணக்குக் கேட்டன. சேற்றில் மண்டியிட்டபடி பார்த்தான்.

களைப்பெல்லாம் தீர்ந்தவள் மாதிரி அவள் லேசாகப் பின்னால் சாய்ந்துகொண்டு போனாள். மஞ்சள் கோட்டின் முதுகில், ஈரத் துணி உள்ளே அமுங்கியிருந்தது. ஓர் உள்ளங்கை அளவுக்கு. அதைச் சுற்றி, வரிசையாக, விரல் பதிந்த பள்ளங்கள். அவள் முதுகின் குறுக்கே போய், விலாவை வளைத்து, முன்பக்கம் வரை போயின.

ஐந்தோடு நிற்கவில்லை.